சேகோ ஆலைத் தண்ணீரில் நுண்பாசி: அரை ஏக்கர் போதுமா?

கிழங்குமண்டி: சேலம் பக்கம் ஒரு சேகோ ஆலை, மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யற ஆலை. பயோகேஸ் தொட்டி தாண்டி தினம் 1 லட்சம் லிட்டர் வெளியேறுது, லிட்டருக்கு 100 மி.கி. அமோனியா நைட்ரஜன். 25 செ.மீ. ஆழ ஓடைக்குளம் (தண்ணீர் சுத்திச் சுத்தி ஓடற ஆழமில்லாத குளம்), தண்ணீர் 5 நாள் உள்ளே தங்கும், அரை ஏக்கர். குளோரெல்லாங்கிற நுண்பாசியை விட்டா தண்ணீரும் தெளியும், உரமும் கிடைக்கும். வேண்டாம்கிறவங்க காரணம் சொல்லுங்க.

அளவுகோல்: கணக்குதான் காரணம். சதுர மீட்டருக்கு நாளுக்கு 15 கிராம்னு தாராளமா வைப்போம். 2,000 சதுர மீட்டர், 30 கிலோ உலர் பாசி. அதில் நைட்ரஜன் 7 சதவீதம், அதாவது 2.1 கிலோ. உள்ளே வருவதோ 10 கிலோ. மிச்சத்தில் பெரும்பகுதி, வெயிலில் பிஎச் (அமில-கார அளவு, 7 நடுநிலை) 9 தாண்டும்போது அமோனியா வாயுவாப் பறக்குது. அதையும் பாசி கணக்கில் எழுதிடறாங்க.

கிழங்குமண்டி: பயோகேஸில் 30-40 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கே. குளத்துத் தண்ணீரில் கழுவி விட்டா பிஎச் 8-லயே நிக்கும், கேஸும் சுத்தமாகும்.

அளவுகோல்: மதியக் குளத்தில் ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சிக் கரைஞ்சிருக்கும். அது பயோகேஸில் இருக்கற மீத்தேனோட கலந்தா வெடி அபாயம். பயோகேஸில் ஓடற இன்ஜின் புகையை ஆறவச்சு குளத்தில் விடுங்க, அதுவே உத்தமம். ஆனா பிஎச் இறங்கினா நைட்ரஜன் தண்ணீரிலேயே தங்கும்: 79 மி.கி. நீர்நிலையில் விட வரம்பு 50. அதுக்குள்ள வர 71 கிலோ பாசி வேணும். ஒரு ஏக்கருக்கு மேல குளம் வெட்டணுங்க.

கிழங்குமண்டி: ஆத்துல யார் விடறா? தென்னைக்குத்தானே போகுது. நைட்ரஜன் இருந்தா நல்லதுதான்.

அளவுகோல்: அப்ப பாசி எதுக்கு, நேரா பாய்ச்சலாமே! சரி, அறுவடைக்கு வாங்க. லிட்டருக்கு 0.3 கிராம். செல் சில மைக்ரான்தான், துணியில் நிக்காது. படிகாரம் போட்டுப் படிய வச்சா, படியற சேற்றில் அலுமினியம்.

பாசிமணி: நடுவுல ஒண்ணு. சுண்ணாம்பால் பிஎச்சை 11-க்கு ஏத்தினா மெக்னீசியம் ஹைட்ராக்சைடு பாசியை இழுத்துக்கிட்டுப் படியும். மெக்னீசியம் குறைஞ்ச தண்ணீரில் படியாது, முதல்ல 1 லிட்டர் ஜாடியில் பாருங்க. தெளிந்ததை மறுபடி நடுநிலைப்படுத்தாம தென்னைக்கு விடாதீங்க. பாசியைத் தின்னும் நுண்ணுயிர் ரோட்டிஃபர் வந்தா 2-3 நாளில் குளமே வெளுத்துடும். தினம் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தெரிஞ்சதும் சில மணி நேரம் புகையை நிறுத்தி பிஎச்சை ஏற விடுங்க, தனி அமோனியா அதைக் கொல்லும்.

கிழங்குமண்டி: மாட்டுத் தீவனத்துக்கு?

பாசிமணி: குச்சிக்கிழங்கில் (மரவள்ளி) இருந்து வர்ற சயனைடு சோதிக்காம வேண்டாம்.