கூழுக்குத் தொட்டுக்கொள்ள, உப்பு அதிகம் இல்லாமல் என்ன இருக்கிறது?

கூழ்ப்பானை:
மூன்று மாதமாக எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு கூழ்தான். வாரத்தில் நான்கு நாள் கேழ்வரகு, மிச்ச நாள் கம்பு. ஆரம்பித்ததே அப்பாவுக்காக, அவருக்குப் பிரஷர், உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் ஒரு சொம்புக் கூழுக்கு நான்கு மோர் மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தவரங்காய் வற்றல், அதற்கு மேல் நார்த்தங்காய் ஊறுகாய் என்று உட்காருகிறார். இதற்கு இட்லியே போட்டிருக்கலாம் என்கிறார் அம்மா. ஊறுகாயை எடுத்து வைத்துவிட்டு வெறும் வெங்காயத்தோடு கொடுத்தால், "என்னை ஜெயிலில் வைத்திருக்கிறீர்களா" என்று சொம்பைத் தள்ளிவிடுகிறார். என் பெண்ணுக்கு ஒன்பது வயது, அவளுக்குக் கூழ் என்றால் கோந்து.

கரைக்கும்போதே உள்ளே என்ன போடலாம், பக்கத்தில் என்ன வைக்கலாம்? ஓட்ஸ் மேல் பழம் தூவும் படங்கள் வேண்டாம், அது ஆயிரம் பார்த்துவிட்டேன். கூழ் குடித்து வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்.

தகடூரான்:
முதலில் ஒன்று கேட்கிறேன், கூழில் உப்புப் போடுகிறீர்களா? போட்டால் அதை நிறுத்துங்கள். கூழிலும் உப்பு, மோரிலும் உப்பு, வற்றலிலும் உப்பு என்று மூன்று இடத்தில் போவதுதான் பிரச்சினை. கூழ் சப்பென்று புளிப்பாக இருந்தால்தான் கடித்துக்கொள்வது எடுப்பாக இருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஒரு டீஸ்பூன் கூட முழுசாக வராது, அதில் ஊறுகாய்க்கு எங்கே இடம்?

மாவு நன்றாகப் புளித்திருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் கரைத்து வைத்துவிட்டுக் காலை ஆறு மணிக்குக் காய்ச்சினால், குளிர் நாளில் அது புளிக்கவே புளிக்காது, அப்போதுதான் நாக்கு உப்பைத் தேடும். எங்கள் வீட்டில் கேழ்வரகு மாவை முதல் நாள் காலையிலேயே கரைத்து வைப்பார்கள், சாயங்காலம் நொய் வேகவைத்து அதில் மாவை ஊற்றிக் கிளறி மூடிவிட்டால் மறுநாள் காலைக்கு மோர் விட்டுக் கரைக்க வேண்டியதுதான்.

அப்புறம் வெங்காயம். கத்தியில் அரியாதீர்கள். சின்ன வெங்காயத்தைத் தோலுரித்து அம்மியில் வைத்து ஒரே ஒரு தட்டு, பிளந்தால் போதும், நசுங்கக் கூடாது. அந்தச் சாறு கூழில் இறங்கும்போது வருகிற காரமே வேறு. கூடவே ஒரு பச்சை மிளகாய், இஞ்சித் துண்டு, நாலு கறிவேப்பிலை, இதையும் ஒன்றிரண்டாகத் தட்டி மோரில் போட்டுக் கரையுங்கள். மல்லித்தழை கடைசியில். இது உள்ளே போடுவது.

பக்கத்தில் வைக்க வேர்க்கடலைத் துவையல். வறுத்த கடலை, காய்ந்த மிளகாய், இரண்டு பல் பூண்டு, கொட்டைப்பாக்கு அளவு புளி. கெட்டியாக அரைத்தால் உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் கேட்காது.

மெரினா காத்து:
எல்லாரும் மறந்த ஒன்று: கருவாடு. வெயில் காலத்தில் எங்கள் ஏரியாவில் கூழ் வண்டி நிற்கும் இடத்துக்கு வாருங்கள், சுற்றி எத்தனை கிண்ணம் இருக்கிறது என்று எண்ணவே முடியாது, மாங்காய்க் கீற்று, வற்றல், சுண்டல், ஆனால் முதலில் காலியாவது பொரித்த நெத்திலிதான். ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாளிலும் வீட்டில் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் இல்லாமல் எங்களுக்குக் கூழ் இறங்காது.

தகடூரான்:
தம்பி, அவர் கேட்டது உப்பு குறைவாக. கருவாடே உப்பில்தான் காய்கிறது.

மெரினா காத்து:
சரி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு மூன்று தடவை அலசினால் கொஞ்சம் இறங்கும், ஆனாலும் பிரஷர்காரருக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. முருங்கைக்கீரைப் பொரியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வறுத்துப் பொடித்த வேர்க்கடலையைத் தூவினால் உப்பு குறைந்தது தெரியாது.

கரிசல்மண்:
கம்பங்கூழைப் பற்றி யாரும் பேசவில்லையே. கேள்வி கேட்டவர் கம்பு மாவைக் கடையில் வாங்குகிறாரா, முழுக் கம்பு வாங்கி உடைக்கிறாரா? கம்பில் எண்ணெய்ப் பசை உண்டு, மாவாக்கி வைத்தால் சீக்கிரமே காறிப்போய்க் கசக்கும். அந்தக் கசப்பை மறைக்கத்தான் பாதிப் பேர் ஊறுகாயை அள்ளுகிறார்கள். முழுக் கம்பாக வாங்குங்கள், தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொஞ்ச நேரம் வைத்து மிக்ஸியில் இரண்டு சுற்று, புடைத்து உமியைத் தள்ளிவிட்டு மறுபடி ரவை பதத்துக்கு ஒரு ஓட்டு. மாவாகிவிட்டால் கூழ் வழவழவென்று இருக்கும், உங்கள் மகள் கோந்து என்று சொல்வது இதனாலும் இருக்கலாம். எங்கள் பாட்டி கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார், காலையில் ஓர் உருண்டையை எடுத்து மோரில் கரைத்தால் பல்லில் படும்.

மோர் மிளகாய்க்கு மாற்று சொல்கிறேன். சாதாரணக் காய்ந்த மிளகாயைக் காம்போடு நல்லெண்ணெயில் பொரியுங்கள், சின்னத் தீயில், உப்பி நிறம் கறுப்புக்குத் திரும்பும் நொடியில் எடுத்துவிட வேண்டும், ஒரு கணம் தாமதித்தால் வீடு முழுக்க இருமல். ஆறியதும் மொறுமொறுவென்று நொறுங்கும், ஒரு துளி உப்பு கிடையாது. மோர் மிளகாயில் உங்கள் அப்பாவுக்குப் பிடித்தது உப்பா, மொறுமொறுப்பும் கமறலுமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

கொத்தவரங்காய் வற்றலுக்குப் பதில் பாகற்காயை வளையம் வளையமாக அரிந்து, உப்பில்லாமல் ஒரு நாள் வெயிலில் வாட்டிப் பொரியுங்கள். சீசனில் கிளிமூக்கு மாங்காய், மிளகாய்த்தூள் மட்டும் தடவி.

மூணுபிள்ளைக்காரி:
பெண்ணுக்கு நான் சொல்கிறேன். அவளுக்குப் புளித்த கூழை ஊட்டப் பார்க்காதீர்கள், அந்த ருசி தானாக வர வேண்டும். இனிப்பாகக் கொடுக்கலாம், ஆனால் அதே பானையில் வெல்லம் போட்டுப் பால் ஊற்றிவிடாதீர்கள், புளிப்பில் பால் திரிந்துபோகும். நான் ஒரு தடவை செய்து மூன்று பிள்ளைகளும் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். புளிக்காத மாவில் தனியாக இரண்டு கரண்டி கஞ்சி காய்ச்சி, இறக்கிய பிறகு கருப்பட்டிப் பாகு, துருவின தேங்காய், ஏலக்காய். மேலே வாழைப்பழத்தை அரிந்து போட்டு, வறுத்த வேர்க்கடலையை உடைத்துத் தூவுங்கள். கடலை கட்டாயம், வழவழப்புக்கு நடுவில் ஏதாவது கடிபட வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் கூழையே விட்டுவிட்டு எங்கள் திருநெல்வேலி உளுந்தங்கஞ்சி வையுங்கள். தோலுளுந்து, கொஞ்சம் அரிசி, வெந்தயம், முழுப் பூண்டு ஏழெட்டுப் பல், குழைய வேகவைத்துக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும். பூண்டா, இனிப்பிலா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசட்டும்.

இன்னொன்று, உப்புக்குப் பதிலாக விற்கிறார்களே, சோடியம் குறைத்த உப்பு, அதில் பொட்டாசியம் இருக்கும். சில பிரஷர் மாத்திரைகளோடு அது ஆகாது, டாக்டரைக் கேட்காமல் அப்பாவுக்கு வாங்காதீர்கள்.

கூழ்ப்பானை:
பத்து நாள் கழித்து வந்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

கூழில் உப்பை நிறுத்தியதை அப்பா கவனிக்கவே இல்லை. காய்ந்த மிளகாயை முதல் நாள் கருக்கிவிட்டேன், பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினார்கள். இரண்டாம் நாள் சரியாக வந்தது. "மோர் மிளகாயில் ஏதோ குறைகிறது" என்று சொல்லிக்கொண்டே மூன்றைத் தின்றார். தட்டிய வெங்காயத்துக்கு எதிர்ப்பே இல்லை, அவருடைய அம்மா அப்படித்தான் தட்டுவாராம், அரை மணி நேரம் அந்தக் கதை. நார்த்தங்காயை மட்டும் விட மாட்டேன் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு என்று பேசி முடித்திருக்கிறோம்.

மகளுக்குக் கருப்பட்டிக் கஞ்சி பிடித்துவிட்டது, கடலையைப் பொறுக்கித் தின்றுவிட்டு மறுபடி போடச் சொல்கிறாள். கரிசல்மண் அண்ணா, மிக்ஸியில் கம்பு மூன்று தடவையும் மாவாகவே போய்விட்டது. எத்தனை நேரம் பிசறி வைக்க வேண்டும்?

கரிசல்மண்:
பத்து நிமிஷம் போதும், ஈரம் அதிகமானால் மாவாகிவிடும். மிக்ஸியை ஓட விடாதீர்கள், விட்டு விட்டுத் தட்டுங்கள்.