மறு: ‘ஓவர்ஸ்பிரே’வுக்குத் தமிழ் – ‘புறச்சாரல்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். கார் சுத்தம் செய்வது பற்றிய கையேட்டுக்காக, தெளிக்கும்போது குறிவைத்த இடத்தைத் தாண்டி வேறு இடத்தில் போய்ப் படியும் துளிகளை (ஓவர்ஸ்பிரே) ‘புறச்சாரல்’ எனலாமா என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

> ‘மிகைத்தெளிப்பு’ என்று நேராக வைத்துவிட்டால் என்ன?

ஐயா, மிகை என்றதும் அளவு கூடிவிட்டது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். காரைச் சுத்தம் செய்யும்போது சிக்கல் வருவது துளி விழும் இடத்தால். முன்கண்ணாடியின் உட்புறம் ஒரே ஒரு அழுத்து அழுத்தினாலும் அதில் கொஞ்சம் டேஷ்போர்டில் இறங்கிவிடும். ‘மிகையாகத் தெளிக்காதீர்கள்’ என்று பாட்டிலில் அச்சிட்டால், வாங்கியவர் கொஞ்சமாகத் தெளிப்பார், ஆனால் கண்ணாடி மேலேயேதான் தெளிப்பார்.

வெறும் கறை பற்றிய விஷயம் என்றால் இவ்வளவு வாதாட மாட்டேன். டயர் பாலிஷ் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. அது சக்கரத்தின் இடைவெளி வழியே போய் பிரேக் டிஸ்க்கில் படிந்தால் பிரேக் பிடிமானம் குறையும். டேஷ்போர்டைப் பளபளப்பாக்கும் திரவம் ஸ்டியரிங்கிலோ பெடலிலோ பட்டால் வழுக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் சன் ஃபிலிமைக் கெடுக்கும். தொடுதிரையின் விளிம்பு, பவர் விண்டோ சுவிட்ச் வழியாக ஈரம் உள்ளே இறங்குவதும் உண்டு. ஆகவே சொல்லைக் கேட்டதுமே ‘வேறு எங்கோ படுகிறது’ என்பது மனதில் பட வேண்டும்.

அதற்குச் ‘சாரல்’ நம்மிடம் தயாராக இருக்கிறது. வெளியே பெய்யும் மழையைக் காற்று ஜன்னலோரக் கட்டில்வரை கொண்டுவருகிறது. ‘சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்து’ என்கிறோம். மழை அதிகம் என்று யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. இதனுடன் ‘புறம்’ சேர்த்தால் ‘புறச்சாரல்’. ‘சாரல் படாமல்’, ‘சாரல் படிந்த’ என்று வினையோடும் இயல்பாகப் போகும்.

> ‘தெளிசிதறல்’?

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிதறல் ஒளியியலில் வேரூன்றிவிட்ட சொல். அதோடு, கொட்டிச் சிதறிய பெரிய துளிகளையும் அது குறிக்கும்.

> பெயிண்ட் வேலைக்கும் இதுவேவா?

ஆமாம். ஒரு கதவுக்கு அடிக்கும் பெயிண்ட் பக்கத்துக் கதவில் சொரசொரப்பாகப் படிவதும் இதுதான். களிமண் பாரால் (ஒட்டியிருப்பதை இழுத்தெடுக்கும் மென்மையான கட்டி) தேய்த்து எடுப்பார்கள். காற்றழுத்தம் கூடினால் துளி நுண்ணியதாகி மேற்பரப்பில் மோதித் திரும்பும், புறச்சாரல் பெருகும். எச்.வி.எல்.பி. கன்னின் (அதிகக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்தும் பெயிண்ட் தெளிப்பான்) முனையில் அழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ.க்குள் வைப்பது இதனால்தான். வயலில் அடிக்கும் மருந்து காற்றில் அடுத்த வயலுக்குப் போவதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். வேளாண் துறையில் அதைத் தனியாகவே பேசுகிறார்கள்.

கையேட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘கிளீனரைக் கண்ணாடியில் நேராகத் தெளிக்காமல் மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடையுங்கள். டயர் பாலிஷை ஸ்பாஞ்சில் எடுத்துத் தடவுங்கள். வெளியே தெளிப்பதானால் காற்று வீசாத நேரமாகப் பாருங்கள். புறச்சாரல் பட்ட இடத்தை உலர்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பிரேக் டிஸ்க்கில் பட்டிருந்தால் பிரேக் கிளீனரால் சுத்தம் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.’

எங்கும் இடறவில்லை என்றே நினைக்கிறேன். இடறினால் எந்த வரி என்று சொல்லுங்கள்.

அப்புறம், ஸ்பிரே பாட்டிலின் முனையைத் திருப்பினால் வரும் இரண்டு நிலைகளுக்கும் சொல் வேண்டும். பொடித்துளியாக வருவதற்குத் ‘தூவல்’, ஒரே கோடாக வருவதற்குப் ‘பீய்ச்சல்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். தூவலில்தான் புறச்சாரல் அதிகம் என்பதால் மூன்றையும் சேர்த்தே முடிவு செய்யலாம்.