குதிரைகளுக்குக் குடற்புழு மருந்தை நிறுத்திவிடலாமா?

புல்வெளி:
லாயத்தில் உள்ள எல்லாக் குதிரைகளுக்கும் எட்டு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து என்ற வழக்கம் 1960களில் தொடங்கியது. அதன் பலனை இப்போது அனுபவிக்கிறோம். ஃபென்பெண்டசோல் போன்ற பழைய மருந்துகளுக்கு, குதிரையின் குடலில் வாழும் சிறு ஸ்ட்ராங்கைல் புழுக்கள் பல நாடுகளில் சாவதே இல்லை. 1980களில் வந்த ஐவர்மெக்டினுக்கும் மசியாத புழுக்கள் தென்படத் தொடங்கிவிட்டன. போதாக்குறைக்கு, அந்த மருந்து லத்தி வழியாக வெளியேறி, லத்தியைத் தின்று வளரும் சாண வண்டின் இளம்புழுக்களையும் கொல்கிறது. லத்தியை உடைத்து மண்ணுக்குள் இழுத்துப் போகிற உயிரை அழித்துவிட்டு மேய்ச்சல் நிலத்தை எப்படிக் காப்பாற்றுவது? அதனால் மருந்தை நிறுத்திவிட்டு, பூண்டும் மூலிகைப் பொடியும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொட்டில்காரர்:
மருந்தைப் பற்றி நீங்கள் சொன்ன குறைகள் அத்தனையும் உண்மை. ஆனால் பூண்டு வேலை செய்யும் என்பதற்கு அவை சாட்சி ஆகாது. பூண்டு குதிரையின் குடற்புழுவைக் கொல்கிறது என்று காட்டிய நம்பகமான சோதனை எதையும் நான் பார்த்ததில்லை. கெடுதல் செய்யும் என்பதற்கோ ஆதாரம் இருக்கிறது. உலர்ந்த பூண்டை நிறையத் தின்ற குதிரைகளுக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வந்ததை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெங்காயம் தின்றாலும் இதே கோளாறுதான். செடியில் விளைந்தது என்பதற்காக ஒன்று சாதுவாகிவிடாது. அரளியும் செடிதான், கொஞ்சம் இலையே ஒரு குதிரையைக் கொல்லப் போதும். மிளகாய்க் காரத்தின் சாரமான கேப்சைசின் 2008 ஒலிம்பிக்கில் நான்கு குதிரைகளின் பரிசோதனையில் அகப்பட்டு, அவை போட்டியிலிருந்தே விலக்கப்பட்டன. அவ்வளவு வீரியம் அதற்கு.

காட்டுக்குதிரை:
கொட்டில்காரர் ஐயா, காட்டில் திரியும் குதிரைகளுக்கு யார் மருந்து கொடுக்கிறார்கள்? தலைமுறை தலைமுறையாக அவை வாழவில்லையா? புழுவோடு ஒத்துப்போக உடம்புக்குத் தெரியும். தடுப்பூசியும் அப்படித்தான், எதற்கெடுத்தாலும் ஊசி என்று பழக்கிவிட்டோம்.

கொட்டில்காரர்:
காட்டுக் குதிரை நாளெல்லாம் நடக்கிறது. லத்தி போட்ட இடத்தை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. வேலிக்குள் இருக்கும் குதிரையும் லத்தி விழுந்த இடத்துப் புல்லைத் தவிர்க்கத்தான் பார்க்கும். இடம் குறுகும்போது வேறு வழியில்லாமல் அங்கேயே வாய் வைக்கிறது. புழுவின் லார்வா (இளம்புழு) ஏறிக் காத்திருப்பது அந்தப் புல்லில்தான். வேலி போட்டது நாம், விளைவுக்கும் நாம்தான் பொறுப்பு. காட்டில் புழுவால் செத்த குட்டிகளுக்குக் கணக்கு வைப்பார் யார்?

டெட்டனஸ் தடுப்பூசி விஷயத்தில் மட்டும் இப்படிப் பேசாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் குதிரையின் லத்தியிலுமே கிடக்கின்றன. குளம்பில் ஓர் ஆணி குத்தினால் போதும். வீட்டு விலங்குகளில் அந்த நோய்க்குக் குதிரை அளவுக்கு எளிதில் ஆட்படுவது வேறில்லை. தாடை இறுகி, மூன்றாம் இமை பாதிக் கண்ணை மூட, கால்கள் விறைத்து நிற்கும் ஒரு குதிரையைப் பார்த்தவர் யாரும் இந்த வாதத்தைச் செய்ய மாட்டார்.

லாடம்:
இடையில் ஒரு வார்த்தை. இயற்கை முறை என்றதும் எதைக் கொடுப்பது என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். எப்படி வைத்திருப்பது என்று யாரும் பேசவில்லை. குதிரையின் இரைப்பை சிறியது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். மெல்லும்போது சுரக்கிற உமிழ்நீர்தான் அதைத் தணிக்கிறது. இருவேளை தானியம் வைத்துவிட்டு மற்ற நேரமெல்லாம் வெறும் வாயோடு கட்டிப்போட்டால் வயிற்றில் புண் வராமல் என்ன செய்யும்? 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ வரை, ஈரம் கழித்த கணக்கில், புல் வகைத் தீனி வேண்டும். அதுவும் நாள் முழுக்கப் பரவலாக.

லாடம் இல்லாமல் விடலாமா என்று குளம்பு சீவப் போகும் இடமெல்லாம் கேட்கிறார்கள். தீனியும் தரையும் சரியாக இருந்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவினால் பல குதிரைகளுக்கு முடியும். குளம்பு மேலிருந்து கீழ்வரை புதிதாக வளர ஏறக்குறைய ஓராண்டு ஆகும், அவசரக்காரர்கள் இதில் இறங்க வேண்டாம். ஆனால் லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி நோய் வந்த குதிரையை, பச்சைப்புல் இயற்கைதானே என்று செழித்த புல்வெளியில் அவிழ்த்துவிடுவது கொடுமை. அதன் குளம்பைக் கெடுப்பதே புல்லில் உள்ள சர்க்கரைதான்.

புல்வெளி:
லாடம் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பூண்டும் போகட்டும். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது, கொட்டில்காரரே. ஸ்ட்ராங்கைலுக்குப் புதிய வகை மருந்து பல ஆண்டுகளாக வரவில்லை. இருப்பதையே அள்ளி ஊட்டிக்கொண்டிருந்தால் நாளைக்குக் குட்டி ஒன்று படுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்?

கொட்டில்காரர்:
அள்ளி ஊட்டச் சொல்லவில்லை, எண்ணிக் கொடுங்கள் என்கிறேன். வளர்ந்த குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மொத்தப் புழு முட்டைகளில் 80 சதவீதத்தை வெளியே விடுகிறது. ஒவ்வொரு குதிரையின் லத்தியையும் தனித்தனியே நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். கிராமுக்கு 200 முட்டைக்கு மேல் இருந்தால் மருந்து, இல்லையென்றால் வேண்டாம். (சில மருத்துவர்கள் 500 வரை பொறுப்பார்கள்.) கொடுத்து 14 நாள் கழித்து மறுபடி எண்ணினால் மருந்து பலித்ததா என்பது தெரிந்துவிடும். மருந்து படாத குதிரைகளில் சாதாரணப் புழுக்கள் உயிரோடு இருப்பது நமக்கு நல்லது. எதிர்ப்புப் பெற்ற புழு மட்டுமே பெருகி நிலத்தைப் பிடித்துக்கொள்ளாது.

மேய்ச்சலில் வாரம் இருமுறை லத்தி அள்ளுங்கள். இதற்கு ஈடான மூலிகை கிடையாது. மாடுகளை மாற்றி மேயவிட்டால் இன்னும் நல்லது, குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் பிழைப்பதில்லை.

எண்ணிக்கையை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. சிறு ஸ்ட்ராங்கைலின் லார்வா குடல் சுவருக்குள் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கு மேலும் உறங்கும். அது முட்டை இடாது, பரிசோதனையில் எதுவும் தெரியாது. மொத்தமாக விழித்து வெளியே வந்தால் குதிரை பிழைப்பது கடினம். ஆகவே எப்போது அதற்கான மருந்து என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். குட்டிகளுக்கு இந்தக் கணக்கே வேறு. உருண்டைப் புழு திரண்டு குடலை அடைத்துவிடும்.

காட்டுக்குதிரை:
மருந்து தொட்ட பிறகு குதிரை வளர்ப்பை ஆர்கானிக், அதாவது இயற்கை முறை, என்று எப்படிச் சொல்வது? எனக்கு மனம் ஒப்பவில்லை.

லாடம்:
அமெரிக்காவின் ஆர்கானிக் விதியிலேயே இருக்கிறது: ஆர்கானிக் தகுதி போய்விடும் என்பதற்காக நோயுற்ற விலங்குக்குச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. பெயருக்காகக் குதிரையைத் தவிக்கவிடச் சொல்லி யாரும் விதி எழுதவில்லை.

புல்வெளி:
எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து என்பதை நிறுத்துகிறேன், அதில் மாற்றமில்லை. முதலில் லத்தி மாதிரிகளைக் குதிரைவாரியாகப் பெயரிட்டு அனுப்புகிறேன். மருந்து தேவைப்படுகிற குதிரையை முதல் சில நாட்கள் கொட்டிலிலேயே வைத்திருப்பேன். லத்தியில் மருந்து அதிகமாக வெளியேறுவது அப்போதுதான். அதைத் தனியாகக் குவித்து, சூடேறி மக்கட்டும். வண்டுகள் இருக்கும் நிலத்துக்கு அந்த லத்தி போகாது.