அமெரிக்கா எங்களுக்கு 44 வீத வரி போட்டது என்ன கணக்கு?

பரந்தன் பிள்ளை:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் லைனில் நிற்கிறேன். பெட்டிகளில் பாதிக்கு அமெரிக்க விலாசம்தான் ஒட்டுகிறோம். 2025 ஏப்ரலில் ட்ரம்ப் காட்டிய பட்டியலில் இலங்கை அமெரிக்கச் சாமானுக்கு 88 வீதம் போடுகிறதாம், அதனால் பதிலுக்கு 44 என்றிருந்தது. பிறகு 30, 2025 ஓகஸ்ட்டில் 20. நாங்கள் உண்மையிலேயே 88 போட்டோமா? சீனா மாதிரிப் பெரிய நாடுகளுக்கும் இதே கணக்கா?

குளத்தடி:
அந்த 88 எந்தச் சுங்கப் புத்தகத்திலும் இல்லை தங்கச்சி. 2024இல் அமெரிக்கா எங்களிடம் வாங்கியது ஏறக்குறைய 300 கோடி டொலருக்கு, எங்களுக்கு விற்றது 37 கோடி அளவில். வித்தியாசத்தை அவர்கள் வாங்கிய தொகையால் பிரித்தால் 88 வரும், அதில் பாதி 44, அவ்வளவுதான், நாங்கள் என்ன வரி போடுகிறோம் என்று பார்க்கவே இல்லை. நான் மில்காரருக்கு நெல் விற்கிறேன், அவரிடம் ஒன்றும் வாங்குவதில்லை, அதற்காக அவரை ஏமாற்றுகிறேன் என்றா அர்த்தம்?

முறிகண்டியான்:
சரி அண்ணை, ஆனால் அமெரிக்காவின் முறைப்பாட்டில் ஒன்றுமே இல்லை என்று தள்ளவும் ஏலாது. ஐரோப்பா அமெரிக்கக் காருக்கு 10 வீதம் வாங்கியபோது அமெரிக்கா ஐரோப்பியக் காருக்கு 2.5தான் வாங்கியது. சீனா அரச மானியத்தோடு விற்கிறது என்று ஐரோப்பாவும்தான் கத்துகிறது.

குளத்தடி:
காரைச் சொன்னால் பிக்கப்பையும், அதுதான் பின்னால் சாமான் ஏற்றும் சின்ன லொறியையும், சொல்லு தம்பி. வெளிநாட்டுப் பிக்கப்புக்கு அமெரிக்கா 1964இலிருந்து 25 வீதம். ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரியைக் கூட்டிய கோபத்தில் போட்டது. கோழிச் சண்டை ஆறிப்போச்சு, வரி இன்னும் கிடக்கு!

வவுனியா ரீச்சர்:
பிள்ளை, சூத்திரம் சீனாவுக்கும் அதேதான், பிறகு நடந்ததுதான் வேறு. அமெரிக்கா 34 என்றதும் சீனாவும் 34 போட்டது, ஏட்டிக்குப் போட்டியாக ஏறி ஒரு கிழமைக்குள் அமெரிக்கா 145, சீனா 125. அருமண் உலோகங்களை வெளியே விடவும் சீனா கட்டுப்பாடு வைத்தது, அது இல்லாமல் மோட்டார்க் காந்தம் செய்வது பெரும்பாடு. மே 12 ஜெனீவாவில் 30க்கும் 10க்கும் இறங்கினார்கள். நாங்கள் எதை நிறுத்தி மிரட்டுவது, உடுப்பையா? உலக வர்த்தக அமைப்பில் முறையிடலாம் என்றால் அதன் மேன்முறையீட்டு மன்று 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது, புது ஆட்களை நியமிக்க அமெரிக்காதான் விடவில்லை.

பரந்தன் பிள்ளை:
விளங்கிச்சு ரீச்சர். 2025 ஓகஸ்ட்டில் பங்களாதேஷுக்கும் 20தான் போட்டது, ஓடர் அங்கே ஓடாது என்று சூப்பர்வைசர் சொல்கிறார். ஆனால் வாங்குகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குகினமாம். வேறு கார்மென்ட்ஸில் ஓவர்டைமை வெட்டிவிட்டார்களா, தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.