மனசுக்குள் கட்டுற வீட்டில் ஆள் நுழைஞ்சா?

கீற்றுக்கொட்டகை:
கண்ணை மூடிக் கற்பனையில் போய் ஓய்வெடுக்கிற இடம் பத்தித்தான் கேக்கிறேன். திண்ணை, முற்றம், தாழ்வாரத்து மழை எல்லாம் ஒழுங்கா எழும்பும். திடீர்னு கொல்லைக் கதவு திறந்து ஒருத்தர் வருவார். பெரும்பாலும் இறந்துபோனவர். அதோட ஓய்வு போச்சு, அழுகைதான். பாட்டி வீட்டை அப்படியே எடுத்துக்கிட்டா இப்படித்தான் ஆகும். திண்ணையை ஓரிடத்திலிருந்தும் மழையை வேறிடத்திலிருந்தும் எடுத்து, யாரும் வாழாத வீடாக் கட்டணும்.

முற்றத்துவெயில்:
ஏத்துக்க முடியலைங்க. ஆளே இல்லாத வீடுன்னா சிலருக்குப் பயம் இன்னும் கூடும். சிக்கலான உறவுகளைத்தான் தவிர்க்கணும். வாசல்ல ஒரு நாய் படுத்திருந்தா என்ன குறைஞ்சிடும்?

ஆத்தங்கரை:
நாய் இருக்கட்டும், வரிசையே தப்பு. எடுத்ததும் படத்தைத் தேடாதீங்க. முதல்ல உள்ளங்காலில் தரையின் குளிர்ச்சி, அப்புறம் சத்தம், அப்புறம் வாசனை, கடைசியாத்தான் காட்சி. காட்சியே வராதவங்களும் உண்டு. 2015ல் அதுக்கு அஃபான்டாசியான்னு பேர் வச்சாங்க. அவங்களுக்குத் தொடுஉணர்வும் சத்தமும் போதும். கண்ணை மூடினா படபடப்பு வந்தா, பாதி திறந்து தரையைப் பாருங்க. மூச்சை இழுக்கிறதைவிட விடுறது நீளமா இருக்கணும். இடத்துக்கு ஒரே சொல்லில் பேர் வச்சு, மனசு அமைதியா இருக்கிற நாளில் மூணு நாலு நிமிஷம் பழகணும். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது புதுசா ஆரம்பிச்சா செங்கல்கூட நிக்காது. வெளியே வந்ததும் அறையில் கண்ணில் படுற ஐந்து பொருளைப் பேர் சொல்லுங்க. பழைய கொடுமை நினைவு திரும்பத் திரும்ப வந்தா, நிறுத்திட்டு மனநல ஆலோசகரோட சேர்ந்து செய்யுங்க.

சுதைவேலை:
வரிசைன்னா நாயன்மார்களில் ஒருத்தரான திருநின்றவூர்ப் பூசலாரைப் பாருங்க. கோயில் கட்டக் காசு கிடைக்காம மனசுக்குள்ளேயே அடித்தளம், விமானம், தூபி, சுதை, கிணறு, மதில், குளம்னு கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறிச்சார். காஞ்சியில் கல்லால கோயில் எடுத்த பல்லவ மன்னனும் அதே நாளைக் குறிக்க, சிவன் கனவில் வந்து தேதியை மாத்தச் சொன்னதாப் பெரியபுராணம் சொல்லுது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். நேத்துக் கட்டினதைத் தொட்டுப் பார்த்துட்டு அடுத்ததைத் தொடங்குங்க.

முற்றத்துவெயில்:
அவர் ஓய்வெடுக்கக் கட்டலையே, அது கோயிலாச்சே? இரவெல்லாம் தூங்காம யோசிச்சவர்.

கீற்றுக்கொட்டகை:
முறை ஒண்ணுதானே. ஆனா கிணறு வேண்டாம், ஆழத்து இருட்டு சிலருக்கு ஆகாது. குளம் வைங்க, அடிப்படி வரைக்கும் தெரியுற தண்ணியோட.