குழந்தைக்காக ட்ரீட்மென்ட் போனவர்கள் சொல்லுங்கள்: இன்னும் மனதை உறுத்துவது எது?

மஞ்சள் ஊர்க்காரி:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். பீசிஓடி (சினைப்பையில் முட்டைகள் முழுதாக வளராமல் நிற்பது), ஃபாலிகுலர் ஸ்கேன் (முட்டை வளர்கிறதா என்று பார்ப்பது) எல்லாம் இங்கே பலருக்கும் பழக்கம்தான். எனக்கு பீரியட்ஸ் 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும். முதலில் பார்த்த டாக்டர் மாத்திரை எதுவும் தராமல் சும்மா பார்ப்போம் என்றார். எல்லோருக்கும் எழுதுகிற மாதிரியே பீரியட்ஸ் தொடங்கி 12, 14, 16ஆம் நாள் ஸ்கேன். போய்ப் படுப்பேன், "முட்டை வளரலை" என்பார்கள், எழுந்து வருவேன். வீட்டிலும் அதே 14ஆம் நாள் கணக்குதான். மாமியார் காலண்டரில் வட்டம் போடாத குறை.

அப்புறம் வேறு இடத்தில் காட்டினோம். அங்கே ஸ்கேன் அறை வாசலில் இருந்த சிஸ்டர்தான் முதன்முதலாகக் கேட்டார், "உங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்மா?" சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த மருந்துக் கம்பெனி காலண்டரைக் கழற்றி, அடுத்த பீரியட்ஸ் வர வேண்டிய தேதியில் பேனாவை வைத்துப் பின்பக்கமாக எண்ணிக்கொண்டே போனார். 14 கட்டம். "இங்கதான்மா முட்டை வெடிக்கும், 26 வாக்குல. 16லயே ஸ்கேனை நிறுத்திட்டா எப்படித் தெரியும்?"

முட்டை வெளிவந்த பிறகு அடுத்த பீரியட்ஸ் வரை உள்ள நாட்கள் பெரிதாக மாறுவதில்லை, முன்பாதிதான் ஆளுக்கு ஆள் நீளும் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் அவர், நான், நாத்தனார் எல்லோருமே பட்டதாரிகள். ஒருத்தருக்கும் இது தெரியாது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

லாரி வீட்டம்மா:
எங்கள் கதையில் கோளாறு என்னிடம் இல்லை. அதைச் சொல்லவே எனக்கு அவ்வளவு காலம் பிடித்தது. நாமக்கல் பக்கம் லாரித் தொழில் எப்படி என்று தெரியும்தானே. வீட்டுக்காரர் வடக்கே லோடு போனால் வாரக்கணக்கில் வண்டியிலேயேதான். வாயில் எப்போதும் புகையிலை. என்னை எல்லா டெஸ்ட்டும் எடுத்து முடித்த பிறகுதான் அவருக்கு எடுத்தார்கள். ஒரு மில்லி விந்தில் உயிரணு 4 மில்லியன். குறைந்தது 16ஆவது இருக்க வேண்டுமாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் போட்ட கணக்கு அது.

ஆண்கள் டாக்டர் ஒருவர் பார்த்தார். வயதானவர், நிதானமாகப் பேசுவார். விதைப்பையில் நரம்புச் சுருட்டல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்துவிட்டு, இல்லை என்றதும் தொழிலைப் பற்றிக் கேட்டார். "உக்கார்ற எடத்துல இன்ஜின் சூடு வருமா?" இவர் சிரித்துக்கொண்டே, "சார், மே மாசம் முட்டையே வேகும்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. "அதைத்தான் சொல்றேன்" என்றார்.

விதைப்பை உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் உயிரணு ஒழுங்காக உருவாகும், அதனால்தான் அது உடம்புக்கு வெளியே தொங்குகிறது என்று படம் போட்டுக் காட்டினார். ஒரு உயிரணு உருவாகி முடியவே இரண்டரை மாதம் ஆகும். ஆகவே இன்றைக்குப் புகையிலையை விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் ஏதாவது தெரியும், அதுவரை என்னிடம் வந்து சண்டை போடாதே என்றார்.

இவர் லோக்கல் லோடுக்கு மாறினார். வருமானம் பாதியானது. கவுண்ட் ஏறியது, ஆனால் முழுதாக இல்லை. நேரே இக்ஸி (ஒரு உயிரணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) என்று சொன்னவர்கள் முதலில் ஐயூஐ (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) பார்க்கலாம் என்றார்கள். அதில்தான் இப்போது இருக்கிறோம். மாமியார் மட்டும் இன்னும் அந்த ரிப்போர்ட்டை நம்பவில்லை. "ஆம்பளைக்கு என்னடி ரிப்போர்ட்டு" என்று கேட்ட முகம் கண்ணிலேயே நிற்கிறது.

வயசு முப்பத்தொன்பது:
மேலே இருவரும் எழுதியது சரிதான். ஆனால் பழக்கத்தை மாற்றினால் எல்லாம் நடந்துவிடும் என்கிற மாதிரி இந்த இழை போகிறதே, அது எனக்கு ஒப்பவில்லை. நான் சர்க்கரையை விட்டேன், காபியை விட்டேன், விடிகாலை நடை, யோகா, எல்லாம் செய்தேன். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் 0.6தான், ரொம்பக் குறைவு. அதை எந்த நடையும் ஏற்றாது. முட்டைக்கு வயதானால் வயதானதுதான்.

உறுத்துவது வேறு. எடையைக் குறைத்துவிட்டு வா, அப்புறம் ஐவிஎஃப் (டெஸ்ட் ட்யூப் முறை) பார்க்கலாம் என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த ஆடி வரைக்கும் எடை குறைத்தேன். அவர் சொன்ன அளவுக்கு வரவில்லை. அதற்குள் இருந்த கொஞ்ச முட்டையும் போனது. நெதர்லாந்தில் இதையே சோதித்துப் பார்த்து 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள். உடல் பருமனான 500க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சி, அப்புறம் சிகிச்சை. இன்னொரு பகுதிக்கு நேரே சிகிச்சை. முதல் பகுதியில் சிகிச்சையே இல்லாமல் தானாகக் கருத்தரித்தவர்கள் அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருட முடிவில் ஆரோக்கியமான குழந்தை பெற்றவர்கள் அந்தப் பகுதியில் அதிகமாக இல்லை. இருபத்தைந்து வயசுக்காரி ஆறு மாதம் காத்திருக்கலாம். எனக்கு அந்த ஆறு மாதம் எங்கே இருக்கிறது?

அப்புறம், காத்திருக்கும் ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "மனசை லேசா வச்சுக்கிட்டா தானா நிக்கும்" என்றார். அந்த வாக்கியத்தை இங்கே யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

மஞ்சள் ஊர்க்காரி:
அக்கா, நான் பழக்கத்தைப் பற்றியே எழுதவில்லை. நாள் கணக்குத்தான் சொன்னேன்.

குவைத் லீவு:
எங்களுக்கும் நாள் கணக்குதான். வீட்டுக்காரருக்குக் குவைத்தில் வேலை, வருடத்தில் ஒரு மாத லீவு. இறங்கிய அன்றே எனக்கு பீரியட்ஸ். கோவில், உறவுக்காரர் கல்யாணம், சென்னை டாக்டர் என்று ஓடி, ஸ்கேனில் முட்டைப் பை வெடிக்கும் அளவுக்கு 18 மில்லிமீட்டர் வந்த அன்று அவர் விமான நிலையத்தில் இருந்தார். போனில் சொன்னபோது பின்னால் போர்டிங் அறிவிப்பு கேட்டது. அடுத்த தடவைதான் ஒரு கவுன்சிலர், "விந்து சாம்பிளை உறைய வச்சுட்டுப் போகலாமே, யாரும் சொல்லலையா?" என்றார். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வருடக்கணக்கில் வைக்கலாமாம். யாரும் சொல்லவில்லை.

சரி, புதிதாக வருபவர்களுக்காகச் சிலது. முட்டை வெளிவந்தால் ஒரு நாள்கூடத் தாங்காது, உயிரணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் வெடித்த பிறகு ஓடுவதில் பயன் இல்லை, அதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம். வெள்ளைப்படுதல் பச்சை முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இழுத்தால் நூலாக வருகிற நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மெடிக்கலில் எல்ஹெச் (முட்டையை வெடிக்க வைக்கும் ஹார்மோன்) பார்க்கும் ஸ்ட்ரிப் கிடைக்கும், இரண்டு கோடும் அழுத்தமாக வந்தால் ஒன்று ஒன்றரை நாளில் வெடிக்கும். பீசிஓடி உள்ளவர்கள் அதை முழுதாக நம்ப வேண்டாம், உங்களுக்கு எல்ஹெச் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டர் வைப்பவர்கள் கவனிக்க, சூடு ஏறுவது வெடித்த பிறகுதான். இந்த மாதத்துக்கு உதவாது, அடுத்த மாதக் கணக்குக்கு உதவும். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு அதுவும் சரியாக வராது. வெடிக்க ஹெச்சிஜி ஊசி போட்டிருந்தால் பத்து நாளைக்குள் வீட்டில் யூரின் டெஸ்ட் பார்க்காதீர்கள். ஊசி மருந்தே இரண்டு கோடு காட்டும். என் தங்கை அதைப் பார்த்து மாமியார் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸே அனுப்பிவிட்டாள். ஃபோலிக் ஆசிட் இப்போதே ஆரம்பியுங்கள், அது கரு நிற்பதற்கு இல்லை, குழந்தையின் தண்டுவடம் ஒழுங்காக உருவாவதற்கு.

வயசு முப்பத்தொன்பது:
யாராவது கேட்டார்களா?

லேப் பொண்ணு:
நான் நோயாளி இல்லை, சாம்பிள் வாங்கும் கவுண்டரில் இருக்கிறேன். லாரி வீட்டம்மா சொன்னதைத் தினமும் பார்க்கிறேன், ஆனால் ஒன்று மட்டும் மறக்க முடியவில்லை.

ஜிம் உடம்போடு ஒரு பையன் வந்தார், கை சட்டைக்குள் அடங்கவில்லை. கூடவே மனைவி, அந்தப் பெண்ணின் மாமியார். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் லேப்ராஸ்கோபி (வயிற்றில் துளை போட்டுப் பார்ப்பது) முடிந்துவிட்டது, கருக்குழாய் டெஸ்ட் முடிந்துவிட்டது, மருந்து ஒரு பை நிறைய. இவருக்கு இதுதான் முதல் டெஸ்ட். மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுகூட இல்லை. மேடம் திரும்பப் பார்த்தார்கள், சுழற்றி அடியில் படிந்ததைப் பார்த்தார்கள். பூஜ்யம். டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு என்ன ஊசி போடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். ஜிம் டிரெய்னர் டெஸ்டோஸ்டிரான் என்ற ஆண் ஹார்மோனைப் போட்டுவிட்டிருக்கிறார். வெளியிலிருந்து அது வந்தால் மூளை தன் பங்குக்கு அனுப்பும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன்களை நிறுத்திவிடும். விதைப்பை வேலையை விட்டுவிடும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடத்துக்கும் மேல்.

வெளியே அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து, லேப்ராஸ்கோபி தையல் இருந்த இடத்தைப் புடவைக்கு மேலேயே தடவிக்கொண்டிருந்தார். மாமியார் என்னிடம் வந்து, "பொண்ணுக்கு இன்னும் என்ன டெஸ்ட்டு எடுக்கணும்?" என்று கேட்டார். ரிப்போர்ட் அந்தப் பையன் பேரில், அதனால் என்னால் வாயைத் திறக்க முடியாது.

சாம்பிள் கொடுக்க இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி போதும். சேர்த்து வைத்தால் பலம் என்று இருபது நாள் கழித்து வருகிறார்கள். எண்ணிக்கை கூடும், ஓட்டம் குறைந்துபோயிருக்கும்.

மாடிப்படி:
என்னுடையது ட்ரான்ஸ்ஃபருக்கு, அதாவது கருவைக் கருப்பையில் வைத்ததற்குப் பிறகு. எங்கள் வீடு இரண்டாவது மாடி. படி ஏறக்கூடாது என்று அத்தை எங்களைக் கீழ் வீட்டுக்கே குடிமாற்றினார், கரு நின்றதா என்று ரத்தத்தில் பீட்டா டெஸ்ட் பார்க்கும் வரைக்கும் வாடகை கொடுத்து. காலுக்குத் தலையணை, படுத்தபடியே டிபன். ஒருநாள் பலமாகத் தும்மிவிட்டேன். கரு விழுந்துவிட்டது என்று இரவெல்லாம் அழுதேன். பீட்டா நெகட்டிவ் வந்ததும் அத்தை முதலில் சொன்னது, "அன்னைக்குத் தும்முனால்ல."

லேபில் கருவை வளர்க்கும் எம்ப்ரியாலஜிஸ்ட் பெண்ணிடம் நேரே போய்க் கேட்டேன். தும்மினாலும் விழாது, நடந்தாலும் விழாது, ட்ரான்ஸ்ஃபருக்குப் பிறகு படுத்தே கிடப்பதால் பலன் கூடியதாக எந்த ஆராய்ச்சியிலும் வரவில்லை என்றார். அடுத்த முறை உறைய வைத்திருந்த கருவை வைத்தார்கள், நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். மகள் இப்போது யூகேஜி. முப்பத்தொன்பது அக்கா கோபப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், வேலைக்குப் போனதால்தான் நின்றது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கரு நல்ல கரு, அவ்வளவுதான். தும்மல் மேல் பழி போட்டதைத்தான் என்னால் விட முடியவில்லை.

வயசு முப்பத்தொன்பது:
கோபம் இல்லை. உங்கள் பதிவுதான் இதிலேயே எனக்குப் பிடித்தது. லேப் பொண்ணு, ஒரு கேள்வி. என் வீட்டுக்காரருக்குப் போன மாதம் டெங்கு வந்து போனது. நேற்று எடுத்த ரிப்போர்ட் ரொம்ப மோசம். அவரோ ஆன்லைனில் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா டப்பாவாக ஆர்டர் போடுகிறார்.

லேப் பொண்ணு:
கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கவுண்ட் விழுந்திருக்கும். அந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், டாக்டரிடம் டெங்கு வந்ததைச் சொல்லுங்கள், திரும்ப எடுக்கச் சொல்வார். மாத்திரை அவர் இஷ்டம். அமெரிக்காவில் துத்தநாகமும் ஃபோலிக் ஆசிட்டும் ஆண்களுக்குக் கொடுத்துப் பெரிய அளவில் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது. குழந்தைப் பிறப்பு கூடவில்லை. சிகரெட் இருந்தால் அதை விடச் சொல்லுங்கள், காசும் மிச்சம்.

புதுசு:
வணக்கம். எனக்கு ஐவிஎஃப் ஊசி ஆரம்பிக்கிற வாரமே கந்த சஷ்டி வருகிறது. மாமியார் ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருக்கச் சொல்கிறார். யாராவது இருந்திருக்கிறீர்களா?

குவைத் லீவு:
இருக்காதீர்கள். ஊசி போடும் நாட்களில் தண்ணீரும் புரதமும் நன்றாகப் போக வேண்டும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தால் வெறும் வயிற்றில் வாந்தி வரலாம். முட்டை, பருப்பு, சுண்டல், பனீர்...

மாடிப்படி:
சைவமாக மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு மாலையில் கோவிலுக்குப் போய் வந்தேன், டாக்டரும் சரி என்றார். விரதத்தை அத்தையே எனக்காக எடுத்துக்கொண்டார். உங்கள் மாமியாரிடமும் கேட்டுப் பாருங்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் வேண்டாம், நாலாவது நாள் எங்கள் அத்தைக்குத்தான் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது.