லேசர் முதலான பெண்ணுறுப்புச் சிகிச்சைகள் பற்றிய கேள்வித்தாளைச் சரிபார்க்க 10 டாக்டர்கள் தேவை

சென்னையில் இருக்கும் மகப்பேறு, தோல், பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்களே, ஓர் உதவி. பெண்ணுறுப்பு அழகியல் சிகிச்சைகள் பற்றி டாக்டர்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள் என்று அறியக் கேள்வித்தாள் தயாரிக்கிறோம். 10 பேர் நிரப்பிப் பார்த்து, எங்கே குழப்புகிறது என்று சொல்ல வேண்டும்.

‘லேபியாபிளாஸ்டி (பெண்ணுறுப்பின் இதழ்களைத் திருத்தும் அறுவை சிகிச்சை) தெரியுமா?’ என்று கேட்டால் எல்லாரும் ‘தெரியும்’ என்றே டிக் அடிப்பார்கள், பயனில்லை. அதனால் நோயாளி பேசுவதுபோலவே கேட்கிறோம்: “மாதவிலக்கு நின்னு 3 வருஷம் ஆச்சு டாக்டர். ஒரே வறட்சி, எரிச்சல். லேசர் பண்ணிக்கலாமா?” மாய்ஸ்சரைசர், ஈஸ்ட்ரோஜன் க்ரீம் என்று தொடங்குகிறவர் யார், நேரே லேசருக்குப் போகிறவர் யார் என்பது இதில்தான் தெரியும். இந்த லேசரால் தீக்காயம், தழும்பு, தீராத வலி வரலாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

இடறுவது 7-ஆம் கேள்வி. பெண்ணுறுப்பின் உள்ளிதழின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது இயல்பு என்பதைப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் கூச்சமில்லாமல் எப்படிச் சொல்வீர்கள்? நீங்கள் ஓபியில் சொல்லும் வார்த்தைகளையே அப்படியே எழுதுங்கள்.